வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது: மூளையில் ஏதும் கோளாறா?

திருகோணமலை நகரை அடுத்த கரையோர ஊரொன்றிலிருந்து 58 வயதுத் தாயார் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கடந்த மார்கழி மழையில் குசினிப் படியில் வழுக்கி விழுந்து அவருக்குப் பின்தலை அடிபட்டது. மயக்கம் வரவில்லை, வீக்கமும் ஒரு கிழமையில் வற்றிவிட்டது. அதற்கு இரண்டு கிழமை கழித்து, ஒரு விடியற்காலை வலப்பக்கம் புரண்டு எழும்பப் பார்த்தபோது கூரை சுழன்றது. சத்தியும் வந்தது. கண்ணை இறுக்கி மூடி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். ஐம்பது வரை எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. அன்றிலிருந்து புரளும்போதும், கொடியில் உடுப்புக் காயப்போட அண்ணாந்து பார்க்கும்போதும், குனிந்து கும்பிடும்போதும் இதே பாடு. காது வழக்கம்போலக் கேட்கிறது. இது தவிர, இரவில் எழும்பிக் கழிவறைக்குப் போகையில் கண் இருட்டி, கால் சோர்ந்து இரண்டு தடவை சுவரில் சாய்ந்திருக்கிறார்.

ஒன்பது வருடமாகப் பிரஷருக்கு லொசார்டன் குளிசை போடுகிறார். மூன்று மாதத்துக்கு முன் பிரசோசின் என்ற இன்னொரு பிரஷர் குளிசையும் சேர்க்கப்பட்டது. தலைச்சுற்று வந்த நேரம் வீட்டு மெஷினில் பார்த்தபோது 168 காட்டியதால், பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி, சுற்று வரும் நாட்களில் பிரஷர் குளிசை ஒன்றைக் கூடுதலாகப் போடுகிறார். ஐந்து மாதத்துக்கு முன் ஓரிடத்தில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று கழுத்துக் கொலரும், சுற்றை அடக்கும் சினரிசின் குளிசையும் கொடுத்தார்கள். அந்தக் குளிசையை இன்றுவரை மூன்று வேளையும் விழுங்குகிறார். பகலெல்லாம் நித்திரை வருகிறது, இப்போது கை லேசாக நடுங்குகிறது.

படுக்கப் பயந்து சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஸ்கூட்டியைத் தொடுவதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். கனடாவில் இருக்கும் மகன், "காசு அனுப்புறன், கொழும்புக்குப் போய் மூளையை எம்.ஆர்.ஐ. எடுங்கோ" என்று தினமும் நெருக்குகிறார். கணவரோ, "எல்லாம் உன்ர பயம்" என்கிறார். "இது மூளையில் கட்டியா டொக்டர்? பாரிசவாதம் வரப்போகிறதா? சாகும்வரை குளிசையோடுதானா?" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, முதலில் பயத்துக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் மூளைக் கட்டிக்கான அடையாளமோ பாரிசவாதத்துக்கான அடையாளமோ எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து எந்த வைத்தியராலும் நூறு வீதம் உறுதி சொல்ல முடியாது, நேரில் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினீர்களே, அந்த எண்ணிக்கையே எனக்குப் பெரிய துப்பு. என்ன செய்யும்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடவே வேறு என்ன வருகிறது என்ற மூன்றும் தெரிந்தால் தலைச்சுற்றில் பாதி நோய் பிடிபட்டுவிடும். மூன்றையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு தலைச்சுற்று இல்லை, இரண்டு. புரளும்போது வருவது காதிலிருந்து வருகிறது. இரவில் எழும்பும்போது வருவது பெரும்பாலும் குளிசையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இத்தனை மாதமாக அலைகிறீர்கள். ஒன்றுக்கு எடுத்த வைத்தியம் மற்றதைக் கூட்டிவிட்டது.

புரளும்போது வரும் சுற்று

கேட்கும் வேலையோடு, உடம்பு சாயாமல் நிமிர்ந்து நிற்கச் செய்யும் வேலையும் காதுக்கு உண்டு. உட்காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று திசையில் அமைந்திருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, "தலை இந்தப் பக்கம் திரும்புகிறது" என்று நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். குழாய்களுக்கு அருகே சின்னப் பை ஒன்று இருக்கிறது. அதற்குள் பசை போன்ற படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கல்சியம் காபனேற்றுத் துணிக்கைகள் ஒட்டியிருக்கும். எது மேல், எது கீழ் என்று உணர உதவுபவை அவை.

வயது போகும்போது இந்தத் துணிக்கைகள் தாமாகவே கழரலாம். தலையில் அடிபட்டாலும், நோயில் நாட்கணக்காகப் படுக்கையில் கிடந்தாலும் கழரலாம். கழன்றவை அரைவட்டக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், போய் விழுகின்றன. தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குள் மணல் விழுந்தால் எப்படியோ அப்படித்தான்: போத்தலைச் சரித்ததும் மணல் உடனே ஓடாது, ஒன்றிரண்டு நொடி கழித்து மெல்ல வழுக்கிக்கொண்டு போய் அடியில் தங்கும். நீங்கள் வலப்பக்கம் புரளும்போது துணிக்கைகள் அப்படி வழுக்கித் திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும், "இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாய்" என்று அந்தக் காது மூளைக்குச் சொல்கிறது. மற்றக் காது இல்லை என்கிறது. கூரை சுழல்வதும் வயிற்றைக் குமட்டுவதும் இந்த முரண்பாட்டால்தான். துணிக்கை தங்கியதும் சுற்று நின்றுவிடும். ஐம்பது எண்ணுவதற்குள் நின்றது அதனால்தான்.

தலையின் நிலை மாறும்போது சட்டென வந்து போகும் ஆபத்தற்ற சுற்று என்ற பொருளில், வைத்தியர்கள் இதை ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். காதிலிருந்து வரும் தலைச்சுற்றுகளில் இதுதான் மிகவும் சாதாரணமானது. ஐம்பது வயதுக்கு மேல், அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. மார்கழியில் விழுந்ததை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். என் பார்வையில் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். இதுவரை பார்த்த வைத்தியர்களிடம் அதைச் சொன்னீர்களா?

விழுந்ததைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், மற்ற வாசகர்களுக்காகவும். வயதானவர்களுக்குத் தலை அடிபட்டால் சில வேளை மூளையைச் சுற்றி இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, கிழமைகள் கழித்துத்தான் வெளியே தெரியும். நாளுக்கு நாள் கூடும் தலையிடி, தூங்கி வழிதல், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கம் பலவீனம் என்று வரும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அபாயம் கூட. உங்களுக்குத் தலையிடியோ பலவீனமோ இல்லை, அப்படிப்பட்ட மருந்தும் இல்லை, ஏழு மாதமும் ஓடிவிட்டது. தூக்கம் மட்டும் இருக்கிறது. அதற்குச் சினரிசின் போதுமான காரணம். ஆனாலும் நேரில் சோதிக்கும் வைத்தியரிடம் அடிபட்டதையும் தூக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சோதனையும் வைத்தியமும் ஒரே கட்டிலில்

பி.பி.பி.வி.யைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம், ஒரு கட்டில் போதும். டிக்ஸ்-ஹோல்பைக் சோதனை என்று பெயர். 1952 இல் விவரிக்கப்பட்டது. கால்களை நீட்டிக் கட்டிலில் உட்கார வைத்து, தலையைச் சந்தேகமான பக்கத்துக்கு 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும். ஒன்றிரண்டு நொடியில் சுற்றுத் தொடங்கும், கண்மணிகள் ஒரு தினுசாகத் துடிக்கும். வைத்தியர் பார்ப்பது அந்தத் துடிப்பைத்தான். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு வலது காது என்று நினைக்கிறேன். சோதனையில் சுற்று வரும் என்று தெரிந்துகொண்டே போங்கள். பயந்து கண்ணை மூடிவிடாதீர்கள். கண் திறந்திருந்தால்தான் துடிப்பைப் பார்க்க முடியும்.

சோதனை உறுதியானால் அதே கட்டிலிலேயே வைத்தியத்தையும் தொடரலாம். எப்லி முறை என்பார்கள். அமெரிக்காவின் காது வைத்தியர் ஜோன் எப்லி கண்டுபிடித்தது. தலை வலப்பக்கம் திரும்பித் தொங்கிய நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி அதே அளவு நேரம். பிறகு உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்க அதே அளவு நேரம். கடைசியாகக் காலைத் தொங்கப்போட்டு எழுந்து உட்கார வைப்பார்கள். இந்தத் திருப்பல்களால் துணிக்கைகள் குழாயைச் சுற்றி வந்து, புறப்பட்ட பைக்குள்ளேயே விழுந்துவிடும். பத்து நிமிடம்கூட ஆகாது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். அதன் பிறகு சில நாள் மிதப்பது போல, கால் தரையில் படாதது போல இருக்கலாம். அது தானாக அடங்கும்.

யூடியூபைப் பார்த்து வீட்டில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் தடவை வேண்டாம் என்பேன். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இல்லை. சில வேளை துணிக்கை வேறு குழாய்க்குள் நகர்ந்து சுற்று மாறிப் போகும். ஒரு தடவை வைத்தியரோ பிசியோதெரபிஸ்ட்டோ செய்து காட்டிய பிறகு, உங்கள் பக்கம் எது என்று தெரிந்துவிட்டால், பின்னர் தேவைப்படும்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கழுத்தில் சத்திரசிகிச்சை, மூட்டுவாதம், முதுகெலும்பில் முறிவு போன்றவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியானவர்களுக்கு வேறு விதமாகச் செய்யலாம்.

ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. சரியானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது. வந்தால் திரும்பவும் அதே பத்து நிமிடம்தான். இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிவதற்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு இருப்பதால், வசதி கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இரவில் எழும்பும்போது இருட்டுவது

இரண்டாவது தலைச்சுற்றில் எதுவும் சுழலவில்லை. கண் இருட்டுகிறது, கால் சோர்கிறது. இது காதின் வேலை இல்லை. படுத்திருந்தவர் எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். பிரசோசின் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்துகிற மருந்து. பிரஷரைக் குறைப்பதே அப்படித்தான். தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் எழும்பினால் இருட்டுவது அதன் தெரிந்த பக்கவிளைவு. அதற்கு மேல் நீங்கள் கூடுதலாக ஒரு பிரஷர் குளிசை போடுகிறீர்கள். சினரிசினும் ஆளைச் சோர வைக்கிறது. கச்சான் காற்று அடித்து உடம்பு வற்றும் இந்தக் காலத்தில், கழிவறைக்கு எழும்ப வேண்டி வருமே என்று பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரையும் நிறுத்திவிட்டேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் சேர்ந்தால் யாருக்கும் இருட்டும்.

வீட்டில் மெஷின் இருக்கிறதல்லவா? ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை பாருங்கள். எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. பக்கத்தில் கணவர் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால், காரணம் அகப்பட்டுவிட்டது. காலையிலும் இரவிலும் சில நாட்களுக்கு எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். பிரசோசினின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதா, வேறு மருந்து தருவதா என்பதைக் கிளினிக் வைத்தியர் முடிவு செய்வார்.

இன்றே நிறுத்த வேண்டியது அந்தக் கூடுதல் குளிசையை. உங்களுக்கு எழுதிக் கொடுத்த குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் திடீரென ஏறினால் அதுவும் ஆபத்து. கிளினிக்குக்குப் போகும்வரை, எழும்பும்போது கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். கழிவறை வழியில் சின்ன லைட் ஒன்று எரியட்டும். இதய, சிறுநீரக வருத்தம் எதுவும் சொல்லப்படாதவர் என்றால் பகலில் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள்.

பிரஷர், கழுத்து, பித்தம்

நம் பக்கத்தில் தலை சுற்றினால் முதலில் பிரஷர் என்பார்கள். கூடிய பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் அது கெட்டது. உங்களுக்கு 168 காட்டியது தலைச்சுற்றுக்குக் காரணம் இல்லை, தலைச்சுற்றின் விளைவு. வீடு சுழன்று, சத்தி எடுத்து, சாகப்போகிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யாருக்குப் பார்த்தாலும் ஏறித்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துக் குளிசை போட்டால், சுற்று அடங்கிய பிறகு பிரஷர் தேவைக்கு மேல் இறங்கும். இரவில் கழிவறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது இந்தத் தலைச்சுற்றைவிடப் பல மடங்கு பெரிய வருத்தம்.

அடுத்தது கழுத்து. ஐம்பத்தெட்டு வயதில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தேய்வு தெரியும், சுற்றே இல்லாதவருக்கும் தெரியும். கழுத்து நோவுக்கும் கை விறைப்புக்கும் அது காரணமாகலாம். படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடத்துக்குள் வந்து போகும் சுற்றுக்கு அது காரணமில்லை. உங்கள் கடிதத்தில் கழுத்து நோவு என்று ஒரு சொல்லும் இல்லையே அம்மா. கொலரைக் கழற்றி வையுங்கள். தொடர்ந்து போட்டால் கழுத்துத் தசை பலவீனமாகும். தலையை அசைக்காமலே இருந்தால் மூளை சமநிலையைத் திரும்பப் பழகவும் நாளெடுக்கும்.

சினரிசினைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. கடும் சுற்றும் சத்தியும் இருக்கும் முதல் ஓரிரு நாளைக்கு இப்படியான மருந்துகள் உதவும். மாதக்கணக்கில் போட வேண்டியவை இல்லை. துணிக்கையை அவை நகர்த்துவதும் இல்லை. சமநிலை நரம்பை மந்தமாக்கி வைக்கின்றன. நீண்ட நாள் எடுக்கும்போது, அதிலும் வயதானவர்களுக்கு, கை நடுக்கம், நடை தளர்வு, முகம் இறுகல் என்று பாக்கின்சன் நோய் போன்ற நிலையை உண்டாக்கலாம். சத்திக்கும் சுற்றுக்கும் கொடுக்கும் புரொகுளோர்பெரசினும் இப்படித்தான். உங்கள் கை நடுக்கம் இதனால் வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும், ஆனால் மாதங்கள் எடுக்கலாம். எனவே அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல், இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் குளிசை மட்டையைக் காட்டி, "ஐந்து மாதமாக எடுக்கிறேன், நிறுத்தலாமா?" என்று நேராகக் கேளுங்கள்.

பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணீரும் இஞ்சிச் சாறும் குடித்ததில் தப்பில்லை, குமட்டலுக்கு இஞ்சி இதமாகக்கூட இருக்கும். உப்பை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். காதுக்குள் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது வேண்டவே வேண்டாம். செவிப்பறைக்கு அப்பால் இருக்கும் உட்காதுக்கு எண்ணெய் போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும்.

மகனுக்கு என்ன சொல்வது?

மகனின் பதற்றம் எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருப்பவருக்குக் காசு அனுப்புவதுதான் கையால் செய்யக்கூடிய காரியம். ஆனால் இந்தத் துணிக்கைகள் எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது, சீ.டீ. ஸ்கானிலும் தெரியாது. ஸ்கான் எடுத்து "எல்லாம் நோர்மல்" என்று வந்தால், அதே சுற்றோடு கொழும்பிலிருந்து அதே பஸ்ஸில் திரும்பி வருவீர்கள். அந்தப் பயணத்துக்கு முன் ஒரு கட்டிலில் டிக்ஸ்-ஹோல்பைக் செய்து பார்க்கட்டும். சோதனையில் கண் துடிப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்றாலோ, எப்லி முறையைச் சரியாகச் செய்தும் சுகமில்லை என்றாலோ, கீழே சொல்லும் அபாய அடையாளம் ஏதும் இருந்தாலோ ஸ்கானுக்கு அர்த்தம் உண்டு. அப்போது வைத்தியரே எழுதித் தருவார்.

உங்களுடையது வேறு வகையாக இருக்குமோ என்றும் யோசித்தேன். மெனியே என்ற நோயில் சுற்று இருபது நிமிடத்திலிருந்து மணிக்கணக்கில் நிற்கும்; கூடவே ஒரு காது அடைக்கும், இரையும், கேட்பது கூடிக் குறையும். உங்களுக்குக் காது தெளிவாக இருக்கிறது. சமநிலை நரம்பு அழற்சியில், அநேகமாகத் தடிமன் காய்ச்சல் போன்ற ஒன்றுக்குப் பிறகு, நாட்கணக்கில் விடாமல் சுற்றும். ஒற்றைத் தலையிடிக்காரருக்குத் தலையிடி இல்லாமலே சுற்று வரலாம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, சில நிமிடம் முதல் மூன்று நாள்வரை நிற்கும். இரத்தச் சோகையும், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்போருக்குச் சீனி 70க்குக் கீழ் இறங்குவதும் சுழலும் உணர்வைவிட மயக்கத்தையே அதிகம் தரும். கிளினிக்கில் இரத்தம் சோதிக்கும்போது இவையும் தெரிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

பாரிசவாதமும் சில வேளை தலைச்சுற்றாகத் தொடங்கும். சுற்றோடு பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ காலோ ஒரு பக்கம் விறைத்தால், விழுங்க முடியாமல் போனால், முன்பு ஒருபோதும் வராத மாதிரித் தலையிடித்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போனால், ஒரு நிமிடமும் பொறுக்காமல் 1990 ஐ அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வீட்டுக்காரர் நேரத்தைப் பார்த்து வைப்பது அதனால்தான் அவசியம். "விடியட்டும், பார்ப்போம்" என்பதுதான் நான் மிகவும் பயப்படும் வசனம். நகரிலிருந்து தள்ளியிருக்கும் மூதூரிலோ குச்சவெளியிலோ இருப்பவருக்கு நேரம் இன்னும் குறைவு.

ஒரு காது திடீரெனக் கேட்காமல் போவதும் அவசரம்தான். காதுக்குடும்பி என்று நினைத்து நாட்களைக் கடத்த வேண்டாம். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கேட்கும் சக்தியைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நெஞ்சு நோவோடு, அல்லது இதயம் தாறுமாறாக அடிப்பதோடு வரும் மயக்கமும் இந்தப் பட்டியலில் சேரும்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

தனியாரிடம் ஓட வேண்டிய தேவை இல்லை. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே எல்லாம் இலவசம். போகும்போது நீங்கள் போடும் எல்லாக் குளிசைகளையும், மட்டையோடு, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை, சின்னக் குளிசை" என்றால் யாருக்கும் விளங்காது.

கிளினிக்கில் கூட்டம், வைத்தியருக்குத் தமிழ் பிடிபடவில்லை, வாய் திறக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. 1987 இன் 13 ஆவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் வருத்தத்தைத் தமிழில் சொல்லவும், எழுதித் தந்த மருந்து எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு விளங்கிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இந்த வரிகளை ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள்: "மார்கழியில் பின்தலை அடிபட்டது. வலப்பக்கம் புரண்டால், அண்ணாந்தால், குனிந்தால் சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது. காது கேட்கிறது. பிரசோசின் தொடங்கிய பிறகு எழும்பும்போது கண் இருட்டுகிறது. சினரிசின் ஐந்து மாதம். கை நடுக்கம், பகல் தூக்கம்." சுற்று வரும் விதத்தைக் கையால் சுழற்றிக் காட்டுங்கள், மொழி தெரியாதவருக்கும் அது விளங்கும்.

கணவர் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, அம்மாவுக்குப் பயம் இருப்பது உண்மை. வீடு சுழன்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் பயம் சுற்றுக்குப் பின்னால் வந்தது, முன்னால் அல்ல. இப்படி மாதக்கணக்கில் தலையை ஆட்டாமல், படுக்காமல், வெளியே போகாமல் இருந்தால் காது சரியான பிறகும் மிதப்பு மிஞ்சிவிடுவது உண்டு. அதனால் அவரைத் தனியே விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது நீங்கள்தான்.

கட்டில், கோயில், ஸ்கூட்டி

சாய்மனைக் கதிரையை விட்டுக் கட்டிலுக்கு வாருங்கள் அம்மா. உட்கார்ந்து தூங்குவதால் துணிக்கை தன் இடத்துக்குத் திரும்பாது; கால் வீங்கும், முதுகு நோகும், அவ்வளவுதான். சிகிச்சை கிடைக்கும்வரை ஒரு தலையணை கூடுதலாக வைத்து இடப்பக்கமாகப் படுங்கள். எப்லி முறைக்குப் பிறகு இப்படித்தான் படுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகூட இல்லை. உடுப்புக் கொடியைத் தோளளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். கிணற்றடியில் தனியாகக் குனிந்து தண்ணீர் அள்ளுவதும், கதிரையில் ஏறி அலுமாரி மேல் இருப்பதை எடுப்பதும், தனியாகக் கடலில் இறங்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.

கோணேசர் கோயிலுக்குப் போவதற்குத் தடை எதுவும் இல்லை. ஏற்றத்தில் துணைக்கு ஒருவர் வரட்டும், நடுவழியில் நின்று நின்று போகலாம். கொஞ்ச நாளைக்கு விழுந்து கும்பிடாமல் நின்று கும்பிடுங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டி வந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டியை இப்போது எடுக்காமல் இருப்பது சரியான முடிவு. சிகிச்சைக்குப் பிறகு ஒரு கிழமை முழுக்கச் சுற்று வராமல், புரண்டாலும் அண்ணாந்தாலும் ஒன்றும் ஆகாமல், எழும்பும்போது இருட்டுவதும் நின்று, தூங்க வைக்கும் குளிசையும் நின்ற பிறகு, ஒழுங்கைக்குள் ஓட்டிப் பாருங்கள். தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்கும்போது தடுமாற்றம் இல்லை என்றால் பிரதான வீதிக்குப் போகலாம். இரண்டு மூன்று தடவை எப்லி செய்தும் சுற்று நிற்கவில்லை என்றால், கண் துடிப்பு எப்படி இருந்தது என்று வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்து எனக்குத் திரும்பவும் எழுதுங்கள்.